நாற்பது எல்பி நரம்பும் நாலு விரல் ஜிலேபியும்

மேலே ஆந்திராவில் மழை பிடித்து, பிச்சாட்டூர் அணையைத் திறந்து விட்டால்தான் ஆரணி ஆறு ஆறாக இருக்கும். மற்ற மாதங்களில் மணல், முள்ளுச்செடி, ஓரமாக ஒரு கிரிக்கெட் பிட்ச். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று வந்து பழவேற்காட்டில் கலக்கிற இந்த ஆற்றில் தண்ணீர் வந்து, கலங்கல் கொஞ்சம் அடங்கினதுமே பெரியபாளையம் பாலத்தை ஒட்டியும் கீழே தடுப்பணைகளிலும் தூண்டில் கூட்டம் கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தவர்கள், கல்லூரிப் பசங்கள், உள்ளூர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே கரையில்.

முன்பெல்லாம் மூங்கில் கழி, தக்கை, மண்புழு. அவ்வளவுதான் மொத்தச் சொத்து. இப்போது கார்பன் தடி, ஸ்பின்னிங் ரீல், இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் பெய்ட்காஸ்டர். நல்ல விஷயம்தான், யாருக்கும் வயிற்றெரிச்சல் வேண்டாம். கோளாறு தடியிலும் இல்லை, ரீலிலும் இல்லை. அந்த ரீலில் சுற்றி வைத்திருக்கிறார்களே ஒரு நரம்பு, அங்கேதான் இருக்கிறது மொத்த ஏமாற்றும்.

கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டாலே போதும்.

"அண்ணே, நல்ல நரம்பா குடுங்க."

"எத்தனை எல்பி தம்பி?"

"நல்லா ஸ்ட்ராங்கா..."

"இந்தா நாப்பது எல்பி. பிரெய்டு. கொடுவாவே வந்தாலும் அறாது."

நாற்பது எல்பி என்றால் 18 கிலோ. பெரியபாளையம் ஆற்றில் வந்து கொத்தப் போவது கால் கிலோ ஜிலேபி. அதிர்ஷ்டம் அடித்தால் ஒரு கிலோ ரோகு. கொடுவா எதற்கு பெரியபாளையத்துக்கு வருகிறது, அம்மன் தரிசனத்துக்கா? :-)

சிரிப்பை விட்டுவிட்டுக் கொஞ்சம் கணக்குப் போட்டால், 18 கிலோ தாங்கும் நரம்பை வைத்துக்கொண்டு 18 கிலோ இழுப்பு கொடுக்க யாராலும் முடியாது என்பது புரியும். மூன்று லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை சாதாரண ஆறரை அடி தடியின் நுனியில் கட்டித் தரையிலிருந்து தூக்க முயன்றால் தெரிந்துவிடும். (வாங்கின தடி உடைந்தால் பொறுப்பு முயன்றவருடையது.) மூன்று கிலோவிலேயே தடி வில்லாக வளைந்து மணிக்கட்டு நடுங்கும். மிச்சம் 15 கிலோ பலத்தைக் காசு கொடுத்து வாங்கி ஸ்பூலில் சும்மா சுற்றி வைத்திருப்பதுதான் நடக்கிறது.

அது மட்டும் நடந்தால்கூடப் பரவாயில்லை, காசு போச்சு என்று விட்டுவிடலாம். அந்த எண்ணே பல நேரம் பொய் என்பதுதான் பெரிய கூத்து.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மைக்ரோமீட்டர் கைப்பழக்கம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் பீஸை ரிஜெக்ட் செய்கிற ஆட்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவன் முதல் செமஸ்டரிலேயே அதைப் பிடித்துவிடுகிறான். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை கடையில் போய் நிற்கும்போது, பளபள ஸ்டிக்கரில் அச்சடித்த ஒரு எண்ணை அப்படியே நம்பிக் காசை நீட்டுகிறான். ஆறு நாள் அளந்த கை ஏழாவது நாள் ஏன் அளக்க மாட்டேன் என்கிறது?

நைலான் நரம்பின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான். 0.25 மி.மீ. நரம்பையும் 0.35 மி.மீ. நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவது முதலாவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும். தோராயமாக ஒரு சூத்திரம் வைத்துக்கொள்ளலாம். மி.மீ. அளவை அதே அளவால் பெருக்கி, வருவதை 75-ஆல் பெருக்கினால், நல்ல நைலான் தாங்கக்கூடிய கிலோ வரும். 0.25-க்கு நாலேமுக்கால் கிலோ, அதாவது பத்து எல்பி சொச்சம். 0.20-க்கு மூன்று கிலோ. 0.30-க்கு ஆறேமுக்கால். ரொம்ப உயர்ந்த சரக்கு இதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கலாம், சுமாரான சரக்கு குறையும். ஆனால் மூன்று மடங்கெல்லாம் தாங்காது. 0.25 மி.மீ. நைலானை எடுத்து "30 எல்பி" என்று ஒட்டியிருந்தால் அது பொய். அதற்கு விஞ்ஞானி வேண்டாம், மைக்ரோமீட்டர் போதும். ராட்செட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நைலான் நசுங்கி அளவு குறைத்துக் காட்டும். மூன்று இடத்தில் அளந்து பார்ப்பது நல்லது. இடத்துக்கு இடம் அளவு மாறினால் அந்த நரம்பைத் துணி காயப்போடக்கூட நம்பக்கூடாது.

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் ஓரளவு நேர்மை. நைலானிலும் ஃப்ளோரோகார்பனிலும் "1-ம் நம்பர்" என்றால் 0.165 மி.மீ. தடிமன் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். பிரெய்டுக்கு நூலின் எடைக் கணக்கு. 1-ம் நம்பர் என்றால் 200 டெனியர். துணி மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு டெனியர் தெரிந்திருக்கும். ஆக முதலில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்லுகிறார்கள், பலம் அப்புறம். இங்கே வரும் மலிவு ஸ்பூல்களில் தலைகீழ். பலம் கொட்டை எழுத்தில், தடிமன் பூதக்கண்ணாடி எழுத்தில், சிலவற்றில் அதுவும் இல்லை.

பிரெய்டை மைக்ரோமீட்டரால் அளக்க முடியாது, நாடா போல நசுங்கிவிடும். அதற்கு வேறு வழி, இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. நரம்பை உயரத்தில் ஒரு வழவழப்பான குழாயில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கட்ட வேண்டும். கீழ் நுனியில் வழக்கமாகப் போடும் முடிச்சையே போட்டு வாளியைத் தொங்கவிட்டு, நரம்பை நனைத்துவிட்டு, ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளலாம். கால் மட்டும் வாளிக்கு அடியில் இருக்கக்கூடாது. எத்தனையாவது லிட்டரில் டப் என்று அறுகிறதோ அதுதான் அந்த நரம்பின் நிஜ எண். பெரும்பாலும் முடிச்சில்தான் அறும். ஸ்டிக்கரில் இருப்பது, அது உண்மையாகவே இருந்தாலும், முடிச்சில்லாத நரம்பின் எண். மீன் பிடிக்கிறவன் முடிச்சுப் போட்டுத்தானே பிடிக்கிறான்?

நனைப்பதற்கும் காரணம் உண்டு. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் பலம் கொஞ்சம் குறையும். உலக சாதனைகளைப் பதிவு செய்கிற ஐஜிஎஃப்ஏ சங்கம்கூட நரம்பை ஈரமாகத்தான் சோதிக்கிறது. கடைக்காரர் உலர்ந்த நரம்பை இரண்டு கையிலும் சுற்றிச் சுண்டிக் காட்டுவது வெறும் வித்தை.

இப்போது பிரெய்டு பைத்தியத்துக்கு வரலாம்.

நைலான் 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு உண்டாக்கியது. பெண்களின் காலுறைக்குப் போன அதே பொருள்தான் தூண்டிலுக்கும் வந்தது. பிரெய்டு பிந்தியது. அது ஒருவகை பாலிதீன்தான். கடைகளில் தருகிற கேரி பேக்கின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மூலக்கூறுகளை மிக நீளமாக்கி, இழுத்து நேராக்கி, இழைகளைப் பின்னல் போட்டால் பிரெய்டு. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் இழை இது. 1990-களில் தூண்டில் உலகத்தைப் புரட்டிப் போட்டது. ஒரே தடிமனில் நைலானைவிடப் பல மடங்கு பலம், நீளவே நீளாது, தண்ணீர் குடிக்காது. இவ்வளவும் உண்மை. பொய் இதில் இல்லை.

பொய் அடுத்த வரியில் இருக்கிறது. "அதனால் எல்லாத்துக்கும் இதையே போடு" என்கிற வரியில்.

நைலான் இழுத்தால் கால் பங்கு வரைகூட நீளும். அதைக் குறை என்று சொல்கிறார்கள். ஜிலேபி, கெண்டை போன்ற மீன்களுக்கு வாய் மெல்லிசு. மீன் திமிறும்போது நைலான் ரப்பர் மாதிரி கொடுத்து வாங்கும், முள் வாயிலேயே நிற்கும். நீளாத பிரெய்டில் அதே திமிறல் நேராக உதட்டில் விழும். உதடு கிழியும், முள் கழன்று வரும். பிறகு "கடிச்சுது, ஏறல" என்று ஒரு புலம்பல். பக்கத்தில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் 0.20 நரம்பில் வரிசையாகத் தூக்கிக்கொண்டிருப்பார். அவருக்கு யாரும் எல்பி சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் மெல்லிய நரம்பில் தக்கை நேராக நிற்கும், மீன் தொட்டால் தெரியும் என்று அவர் கைக்குத் தெரியும்.

ரீலையும் பார்க்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் சுற்றாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகத் தாவி வெளியேறும். அதில் 0.40 மி.மீ. முரட்டு நைலானைச் சுற்றினால், அது ஸ்பிரிங் போலச் சுருண்ட ஞாபகத்திலேயே இருந்து, மூடி திறந்ததும் மொத்தமாகக் குதிக்கும். அதனால்தான் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் மீன் பிடிப்பதில்லை, சிக்கு எடுக்கிறார்கள். 2000, 2500 என்று எண் போட்ட சின்ன ரீலுக்கு 0.20 முதல் 0.28 வரை நைலான் போதும், அதுதான் சரி. இன்னொரு வழக்கம், மீன் இழுத்து டிராக் வழுக்கும்போது கைப்பிடியைக் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருப்பது. ஒரு சுற்றுக்கூட நரம்பு ஏறாது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு மட்டும் ஏறும். மறுநாள் நரம்பு தானாக ஜடை பின்னிக்கொள்ளும். உடனே பழி நைலான் மேல், மருந்து பிரெய்டு.

பெய்ட்காஸ்டரில் கதை வேறு. அங்கே ஸ்பூலே சுற்றும். நரம்பு போகிற வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றிவிட்டால் குருவிக்கூடு. ஆகவே அதில் மெல்லிய நரம்பு ஆகாது. மெல்லிய பிரெய்டு என்றால் பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும், அடுத்த எறியில் லூர் மட்டும் அறுந்து பழவேற்காட்டைப் பார்க்கப் போகும். கற்றுக்கொள்கிற காலத்தில் 0.30, 0.35 நைலான் போட்டால், குருவிக்கூட்டை வெட்டி எறிந்தாலும் நஷ்டம் சில்லறைதான். பிரெய்டில் ஒவ்வொரு கூடும் ஒரு பிரியாணி. அதைவிடக் கொடுமை, மூன்று கிராம் ஈயமும் ஒரு மண்புழுவும் மாட்டிக்கொண்டு பெய்ட்காஸ்டரில் எறியப் பார்ப்பது. அந்த எடைக்கு சாதாரண பெய்ட்காஸ்டரின் ஸ்பூல் அசையவே அசையாது. காலடியில் தொப். கெத்துக்கு வாங்கினது குப்புற விழுந்தால் கெத்து எங்கே?

பிரெய்டுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் இதுவும் கடைக்காரர் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

விரால். ஆகாயத்தாமரையும் கோரையும் மூடிக் கிடக்கிற குட்டைகளில், இலைக்கு மேல் ரப்பர் தவளையை இழுத்து விரால் பிடிக்கிறவனுக்குப் பிரெய்டு வேண்டும். அதுவும் தடிமனாகவே, முப்பது, நாற்பது எல்பி. பெய்ட்காஸ்டரில். விரால் கடித்த நொடியில் செடிக்குள் பாயும். நைலான் நீண்டு கொடுத்துக்கொண்டிருந்தால் மீன் தண்டைச் சுற்றிவிடும். பிரெய்டு தண்டை அறுத்துக்கொண்டு வரும். அங்கே இழுப்பது மீனை மட்டுமல்ல, மீனோடு சேர்த்து இரண்டு கிலோ தாமரையை. இந்த ஒரு வேலைக்கு நாற்பது எல்பி நியாயம். (ஏரி பஞ்சாயத்துக் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். நாற்பது எல்பி நரம்பு அடியிலிருந்து காப்பாற்றாது.)

இன்னொன்று முகத்துவாரம். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் கொடுவா, செப்பிலி, காலா, பாறை. தூரம் எறிய வேண்டும், ஓட்டத்தில் நரம்பு தண்ணீரை வெட்ட வேண்டும், மீனும் பெரிது. அங்கே ரீலில் மெல்லிய பிரெய்டு சரி. ஆனால் நுனியில் ஒரு மீட்டராவது தடித்த நைலானோ ஃப்ளோரோகார்பனோ லீடராக இருக்க வேண்டும். பிரெய்டு என்பது மயிரிழைகளின் பின்னல். சிப்பி ஒட்டின கல்லில் ஒருதரம் உரசினால் நாற்பது எல்பி நாலு எல்பி ஆகிவிடும். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பே பிளேடு. 0.50, 0.60 லீடர் இல்லாமல் வெறும் பிரெய்டோடு போகிறவன் மீனுக்கு லூர் தானம் செய்யப் போகிறான். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் லீடரும் விற்குமே, அந்த வியாபாரப் புத்தி கூடவா இல்லை!

ஃப்ளோரோகார்பன் பெயரைச் சொன்னதும் இன்னொரு கதை விடுவார்கள். "தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது சார்." ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53-க்கு மேல். தண்ணீருக்கு நெருங்கி இருப்பதால் ஃப்ளோரோகார்பன் குறைவாகத் தெரியும், உண்மை. கண்ணாடி போன்ற தண்ணீரில். ஆரணி ஆற்றுத் தண்ணீர் புது வெள்ளத்தில் டீக்கடை டீ, அடங்கினபின் லெமன் டீ. அதில் மீனுக்கு நரம்பு தெரிவதற்கு முன் மீனுக்கு மீனே தெரிவது கஷ்டம். ஃப்ளோரோகார்பனின் நிஜ குணம் வேறு. உரசலைத் தாங்கும், தண்ணீர் குடிக்காது, கனம். நைலானின் அடர்த்தி 1.14, இதற்கு 1.78, அதனால் சீக்கிரம் மூழ்கும். பிரெய்டு 0.97, மிதக்கும். லீடருக்கு ஃப்ளோரோகார்பன் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ரீல் முழுக்கச் சுற்றுவது, இந்த ஆற்றுக்கு, காசைக் கரைப்பது.

காசு என்றதும், முந்நூறு மீட்டர் ஸ்பூல் வாங்குகிற வழக்கத்தையும் கேட்க வேண்டும். அந்தக் கரையிலிருந்து யார் எறிந்தாலும் முப்பது நாற்பது மீட்டர். அதற்கு மேல் போனால் எதிர்க்கரையில் நிற்பவரின் லுங்கி. மேல் நூறு மீட்டர் நல்ல நரம்பு போதும். அடியில் மலிவு நைலானை நிரப்பிவிடலாம். பிரெய்டு போடுகிறவர்கள் அடியில் நாலு சுற்றாவது நைலான் கட்டாயம் போட வேண்டும். இல்லாவிட்டால் வழவழ ஸ்பூலில் மொத்தப் பிரெய்டும் வளையமாக வழுக்கிச் சுற்றும். மீன் இழுக்கும்போது டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. "ரீல் போச்சு" என்று ரிப்பேருக்குக் கொண்டு போனவர்களும் உண்டு.

வாங்குகிற இடத்தையும் கவனிக்க வேண்டும். வாசலில் தோரணம் மாதிரி தொங்குகிற ஸ்பூல்கள் அழகுதான். நைலானுக்கு வெயில் விஷம். ஒரு கோடை முழுக்கத் திருவள்ளூர் வெயிலில் தொங்கிய நரம்பு, ஸ்டிக்கர் மங்குவதற்கு முன்பே மங்கிவிட்டிருக்கும். உள்ளே அட்டைப் பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் காசு, மீன், மானம் சம்பந்தப்பட்டது. இதைவிட முக்கியமானது தடித்த நரம்பு அறும் விதம். பத்து எல்பி நைலான் முள்ளுச்செடியில் மாட்டினால் இழுத்ததும் பெரும்பாலும் முள்ளுக்குப் பக்கத்து முடிச்சில் அறும். தண்ணீரில் தங்குவது ஒரு முள், ஒரு ஈயம். நாற்பது எல்பி பிரெய்டு மாட்டினால் அறாது. கையில் சுற்றி இழுப்பார்கள். பிரெய்டு முதலில் அறுப்பது உள்ளங்கையை. கைநரம்பில் மீன் பிடிக்கிற பழவேற்காட்டு மீனவர்கள் தடித்த நைலானையே வைத்திருப்பது ஏதோ பழசிலேயே ஊறிப்போனதால் அல்ல, கை வேண்டும் என்பதால். ஒரு குச்சியில் சுற்றி இழுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாத பையன், திங்கட்கிழமை மெஷினைப் பிடிக்க வேண்டிய கையைக் கிழித்துக்கொள்கிறான். கடைசியில் கத்தியால் ரீல் பக்கம் வெட்டுவார்கள். முப்பது மீட்டர் நரம்பும் முள்ளும் ஆற்றிலேயே.

அந்த ஆறு யாருடையது? ஆடி மாதம் தொடங்கி வாரக்கணக்கில் பவானி அம்மன் கோயிலுக்கு ஜனம் வருகிறது. மொட்டை அடித்து, குளித்து, வேப்பிலை கட்டி, வெறுங்காலோடு நடக்கிறார்கள். உருண்டு பிரார்த்தனை முடிக்கிறவர்கள் உண்டு. அந்தக் காலில், அந்த உடம்பில் மணலுக்குள் புதைந்த முள் ஏறினால் அதற்கு எந்த வேண்டுதல்? கீழே பழவேற்காட்டில் பூநாரையும் கூழைக்கடாவும் இறங்குகின்றன. நைலானோ பாலிதீனோ ஒரு மனித ஆயுளுக்குள் மட்கிற பொருள் இல்லை. காலில் சுற்றினால் பறவைக்கு அதோடு முடிந்தது.

காற்றாடிக்கு என்று விற்ற நைலான் மாஞ்சாவும் இதே பொருள்தான். 2019-ல் வடசென்னையில் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை கழுத்தறுபட்டு இறந்தது. நைலான் மாஞ்சாவுக்கு 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டிருந்தது. தூண்டில் நரம்புக்குத் தடை இல்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் கரையில் விட்டுவிட்டுப் போன இருபது மீட்டரை எடுத்துப் பட்டத்தில் கட்டுகிற சிறுவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மிச்ச நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பிரெய்டு போட்டுத்தான் தீருவேன் என்கிறவர், நுனியில் அதைவிடப் பலம் குறைந்த ஒரு மீட்டர் நைலானைக் கட்டினால், மாட்டும்போது அந்த ஒரு மீட்டரோடு போகும். மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனாலும் அதன் வாயில் முப்பது மீட்டர் வால் தொங்காது.

"அப்போ பெரிய மீன் வந்தா?" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். வரட்டுமே. பத்து எல்பி நரம்பில் டிராக்கை அதன் பலத்தில் கால் பங்குக்கு, அதாவது ஒரு கிலோ சொச்சத்துக்கு வைத்திருந்தால் மூன்று கிலோ கட்லாவும் ஓடி ஓடிக் களைத்துக் கரைக்கு வரும். டிராக்கைக் கடைசிவரை இறுக்கி வைத்துக்கொண்டு, நரம்பை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போவதுதான் இங்கே நடக்கிறது. ரீலின் மூளையைப் பூட்டி வைத்துவிட்டு நரம்பின் தசையை நம்புகிறார்கள். முடிச்சை எச்சில் தொட்டு நனைக்காமல் இறுக்குகிறார்கள். உரசல் சூட்டிலேயே நைலான் வெந்து பாதி பலம் போய்விடுகிறது. பிறகு "டென் எல்பி வேஸ்ட்" என்று தீர்ப்பு. பிரெய்டில் அதே பழைய சுற்று முடிச்சு போட்டால் வழுக்கிக்கொண்டு அவிழும். அதற்கு நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சு வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறார்கள்.

பொய் எண் அச்சடித்து விற்கிறவர்களுக்கு வருவோம். பொட்டலப் பொருளுக்கு 2011-ன் சட்டமுறை எடையளவு விதிகள் இருக்கின்றன. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தாங்காத பலத்தைத் தாங்கும் என்று எழுதி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். புகார் சொல்ல 1915 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. நரம்புக்கெல்லாம் யார் புகார் கொடுப்பார்கள் என்ற தைரியத்தில்தான் 0.25 மி.மீ. நைலான் முப்பது எல்பி ஆகிறது. பெட்ரோல் பங்கில் அரை லிட்டர் குறைந்தால் கூட்டம் கூடுகிற ஊரில், மூன்றில் இரண்டு பங்கு பலம் குறைந்த நரம்பை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

புகார்கூட அப்புறம். முதலில் பில் கேட்கலாம். கேட்டதும் கடைக்காரர் முகம் மாறும்.

"நரம்புக்கெல்லாம் பில்லா தம்பி?"

"ஆமாண்ணே. அதுல எத்தனை எல்பின்னு மட்டும் எழுதாதீங்க, எத்தனை மில்லிமீட்டர்னும் சேர்த்து எழுதிக் குடுங்க. மைக்ரோமீட்டர் பையிலேயே இருக்கு."